பாலாடையில் ரெண்டு சொட்டு

இருபத்தொன்பது உள்ளே போயாயிற்று. தன்னுடைய சீட்டு முப்பத்தேழு. நடுவில் ஏழு பேர் இருக்கிறார்கள், ஏழு பேரும் வயசாளிகளாக இருந்துவிட்டால் நல்லது, வயசாளிகள் டாக்டரம்மாவிடம் பேரன் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம் ஓடும் என்று பூபதி நினைத்தான். நினைத்த உடனே அது சரியில்லை என்றும் தோன்றியது. எட்டு மணிக்கே முதல் ஆளாய்ப் போய் நின்றிருக்கலாம். வெட்டுகிற கத்தியைவிட அதைத் தீட்டுகிற சத்தம்தான் ஆட்டை ஆட்டி வைக்கும். கத்தியா இது. ஒரு உருண்டை. நெல்லிக்காய்த் தண்டி ஒரு உருண்டை, அது உள்ளேயே இருக்கட்டுமா, வெளியே எடுத்துவிடலாமா, அவ்வளவுதான் கேள்வி. அதற்குமேல் ஒன்றுமில்லை. அதற்குமேல் ஒன்று இருக்கிறது, அது இடது பக்கத்து நாற்காலியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கோகிலவாணியக்கா எங்கே போனாலும் அவனுக்கு இடது பக்கம்தான் உட்காருகிறாள். கரூரிலிருந்து கோயமுத்தூர் வரைக்கும் பஸ்ஸிலும் அப்படித்தான் வந்தாள். அந்தப் பக்கம் ஆள் வந்தால் அவனுக்குத் தெரியாது, யாராவது இடித்துவிடுவார்கள் என்று வேலி முள் மாதிரி அவளே வந்து நின்றுகொள்கிறாள். அதில் ஒரு வேடிக்கை, இந்த ரெண்டு மாசமாக அவனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற ஆளை அவனால் பார்க்க முடிவதில்லை. பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டிய பக்கம் அவள் ஒரு வளையல் சத்தம், முகப்பவுடர் வாசனை, பால் வாசனை. பால். அந்தச் சொல் வந்ததும் நினைப்பு கால் தட்டி நின்றது.

கால் தட்டினால் வேறு பக்கம் போக வேண்டும். ரபீக்கை நினைத்துக்கொள்ளலாம். ரபீக்கை நினைத்தால் எப்போதும் நெஞ்சு லேசாகும். ஆடிப்பெருக்குக்கு மறுநாள், பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில், ஜன்னல் கம்பிக்கு அளவு பார்த்து அறுத்துக்கொண்டிருந்தபோது, வேர்வையைத் துடைக்க ஒரு தடவை பூபதி பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டான். ஒரே ஒரு தடவைதான். பக்கத்து மேசையில் ரபீக் ஓட்டிக்கொண்டிருந்த கட்டிங் சக்கரத்தில் ஒரு சில்லு உடைந்து வந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை, யாரோ ஈரத்துணியால் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியில் ரபீக் அவனுடைய ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டே வந்தான். "தேய்க்காதடா, தேய்க்காதடா, என்னையக் கிள்ளு, அதத் தேய்க்காத" என்றான். பூபதி கிள்ளியிருக்கிறான். பிற்பாடு பார்க்க வந்தபோது ரபீக்கின் மணிக்கட்டில் நகக்குறி அஞ்சாறு கருத்துப்போய் இருந்தது. என் சக்கரம்தானேடா என்று அவன் வாயைத் திறக்கப்போக, அதைக் காட்டித்தான் இவன் பேச்சை மாற்றினான்: "ஏன்டா, உன்ற ஊட்டுக்காரி கேக்கலயா இது யாருன்னு?" ரபீக் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். அப்படி ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொள்ளக் கிடைத்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டரம்மா சொன்னபோதுகூட அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்து, அவன் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும். கெட்டுப்போன கண்ணை எடுத்துவிட்டு, அந்த இடம் குழி விழாமல் இருக்க உள்ளே ஒரு உருண்டை வைத்து, சதையை மேலே மூடித் தைத்துவிடுவோம், ஆறினதும் அதற்குமேல் அச்சு அசல் உங்க கண்ணு மாதிரியே ஒரு சில்லு செஞ்சு மாட்டிக்கலாம், உருண்டை அசைஞ்சா அதுவும் அசையும், நீங்க சொன்னாத்தான் அடுத்தவங்களுக்குத் தெரியும் என்றாள். கதையில் ஒரு அரக்கன் தன் உயிரை எங்கோ ஏழு கடலுக்கு அப்பால் ஒரு வண்டுக்குள் ஒளித்து வைத்திருப்பான். பூபதி தன் முகத்தை அந்த உருண்டைக்குள் வைத்துவிட்டான். இரண்டு மாசமாக அது பத்திரமாய் இருக்கிறதா என்பதே நினைப்பு.

முப்பத்தொன்று என்று சிஸ்டர் கூப்பிட்டாள். முப்பது எப்போது போனது. எதிர் வரிசையில் இருந்த பெரியவர், ஆபரேசனாகி ஒரு கண்ணுக்குப் பச்சைத்துணி தொங்கவிட்டிருந்தவர், இவனைப் பார்த்துக் கொஞ்ச நேரமாய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார். "தம்பிக்கு எந்தூருங்?" என்றார். "கரூருங்க." "எனக்குச் சிவகிரி. உங்குளுக்கு இடது, எனக்கு வலது. ரெண்டு பேரும் சேந்து போனா ஒரு முழு ஆளு." பூபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புரை உரிச்சீங்களா?" "உரிச்சாச்சு. முப்பது வருசமா எம் பொண்டாட்டி செவப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன், துணியத் தூக்கிப் பாத்தா மாநெறம்." பக்கத்தில் இருந்த அந்த அம்மா, "இவரு பெரிய மன்மதராசா, நான் ஏமாத்திப் போட்டேன்" என்று பையால் அவர் முட்டியில் ஒரு இடி இடித்தாள். "சரி தம்பி, உங்க கண்ணுக்கு என்னாச்சு?" என்றார் பெரியவர், அவ்வளவு சாதாரணமாய், உங்க செருப்புக்கு என்னாச்சு என்கிற மாதிரி. இடது பக்கம் வளையல் சத்தம் நின்றது. அந்தச் சொல் காதில் விழுந்து எத்தனை நாளாயிற்று என்று பூபதி நினைத்துப் பார்த்தான். கண்ணு. வீட்டில் அந்தச் சொல்லை ஒளித்து வைத்துவிட்டார்கள். அப்பா சொல்லின் தொடக்கத்திலேயே கண் என்று வந்துவிடும் என்று பயந்து கண்ணாடியைக்கூட 'அந்த மூஞ்சி பாக்கறது' என்கிறார். ஒருநாள் ரசத்துக்குக் கண்டந்திப்பிலி வாங்கி வரப் போன மனுசன் கடையில் பெயரைச் சொல்ல முடியாமல், அதுதானுங், அந்தக் கசாய மருந்து என்று சுற்றி வளைத்துச் சுக்கை வாங்கி வந்தார். அதையெல்லாம் நினைத்தால் சிரிப்பு. அக்காவை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயசு, அக்காவுக்குப் பதினாலு. அன்றிலிருந்து அவனுக்கு அவள் வாயில் பேரே கிடையாது. கண்ணுதான். எந்திரி கண்ணு, சாப்புடு கண்ணு, ஏங்கண்ணு இன்னிக்கி லேட்டு. அவர்கள் பக்கத்தில் சின்னவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கடைக்காரர், கண்டக்டர், முன்பின் தெரியாத கிழவி, யாரும். ஆனாலும் அக்கா கூப்பிடும்போது அது அவனுக்கு என்றே வைத்த பேர். பட்டறையில் பசங்கள் கேலி பண்ணுவார்கள், போன் அடித்தால் 'ஏ, கண்ணுக்குப் போனுடா' என்பார்கள். ஆபரேசன் முடிந்து முதல்முறை பார்க்க வந்தவள், வாசலில் இருந்தே "ஏங்—" என்று ஆரம்பித்தாள். அப்புறம் தொண்டைக்குள் எதையோ இறக்கிவிட்டு, "ஏம் பூபதி, வலிக்கிதா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் கூப்பிட்ட மாதிரி இருந்தது. உள்ளேன் ஐயா என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றையிலிருந்து பூபதிதான். குழந்தையைக்கூட அவன் முன்னால் சாமி, தங்கம் என்றுதான் கொஞ்சுகிறாள். வாய் தவறி ஒருநாளும் வரவில்லை. அவ்வளவு கவனமாய் ஒரு மனுசி இருக்க வேண்டுமென்றால் உள்ளுக்குள் எவ்வளவு வலி எடுக்கும். "பட்டறையில சில்லுப் பட்டுருச்சுங்க" என்றான் பெரியவரிடம். "இருக்கறதப் பாத்துக்கங்க தம்பி. ஒண்ணு போதும் பொண்ணு பாக்க" என்றார் அவர். அந்த அம்மா மறுபடியும் பையால் இடித்தாள்.

ஒன்று போதும். வலது கண்ணுக்கு அவன் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆளாய்ச் செய்கிறது, முணுமுணுக்காமல். சாயங்காலம் ஆனால் கொஞ்சம் கனக்கிறது, அவ்வளவுதான். இல்லாத கண்ணோ சும்மா இருப்பதில்லை, மூடிப் படுத்தால் அந்தப் பக்கம் மத்தாப்புப் பூ கொட்டுகிறது, பட்டறைத் தீப்பொறி மாதிரி, மஞ்சள், ஊதா. இப்போது அந்தப் பக்கம் ஈரமாக இருக்கிறது. பஞ்சுக்கு அடியில் எதுவோ நகர்ந்து கன்னத்தெலும்பு வரைக்கும் வந்து நிற்கிறது. வாசனை வருகிறதோ. பெரியவருக்கு வந்திருக்குமோ. புளித்த மாவு வாசனை. முதலில் அது தலையணையில் மஞ்சளாய் ஒட்டியிருந்தது, மாங்காய்ப் பால் கறை மாதிரி. பிறகு வாசனை. பிறகு இங்கே வந்து காட்டியபோது டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்து, மூடின சதை ஒரு இடத்துல வாய் திறந்துருக்கு, உருண்டை வெள்ளையாத் தெரியுது, சீழ் புடிச்சுருக்கு என்றாள். சொட்டு மருந்து, மாத்திரை, ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி ஒற்றி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். இன்னிக்கு ரிசல்ட்டு. அடங்கியிருந்தால் மறுபடி தைப்பார்கள். அடங்கவில்லை என்றால் எடுத்தாக வேண்டும், அது கெட்ட இடம், மூளைக்குப் பக்கம், விளையாட முடியாது. அப்போதுதான் கேட்டாள்: "நாங்க குடுத்த மருந்தத் தவிர வேற எதாச்சும் விட்டீங்களா? எண்ணெய், பூச்சாறு, பாலு, எதாச்சும்?" சாதாரணமாகத்தான் கேட்டாள். எல்லோரிடமும் கேட்பதுதான். பூபதி யோசிக்கவே இல்லை. "இல்லீங்க" என்று வந்துவிட்டது. இடது பக்கம் அக்கா குழந்தையை மடி மாற்றிப் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா எழுதினாள், வேற எதுவும் விடவில்லை. எழுதினது எழுதினதுதான். அதை வைத்துக்கொண்டுதான் மருந்து கொடுத்தாள். அந்த 'இல்லீங்க' ஒரு வாரமாய் அவன் கூடவே சாப்பிட்டுக் கூடவே படுத்துக்கொண்டிருக்கிறது.

விட்டது பால்தான். ஆபரேசனாகி மூணாவது வாரம், மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி வேம்பு நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவனைப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே போனாள், கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைக்கு ஊற்றுகிற வெள்ளிப் பாலாடையோடு வந்தாள். "தாய்ப்பாலு. குளிர்ச்சி. பாப்பாளுக்குப் பீளை தள்ளுனப்ப ரெண்டு சொட்டு வுட்டேன், மக்கியா நாளே தெளிஞ்சுருச்சு. அசையாதே" என்றாள். பிளாஸ்திரியை அவள் பிரித்த விதம், வாழைப்பூவில் ஒரு மடலைப் பிரிக்கிற மாதிரி, வலிக்கவே இல்லை. ரெண்டு சொட்டு. அது குளிர்ச்சியாக இல்லை, உடம்புச் சூட்டோடு இளம்சூடாகத்தான் இருந்தது. அது அவனுக்கு ஆச்சரியமாயிருந்தது. ஆனால் எரிச்சல் நின்றது. மெய்யாகவே நின்றது, அல்லது நின்ற மாதிரி இருந்தது, ரெண்டுக்கும் அந்த நேரத்தில் என்ன வித்தியாசம். கண்ணிலிருந்து காதுப் பக்கம் ஒரு கோடு வழிந்தது, பாலா, வேறா என்று அவன் பார்க்கவில்லை. தன் பிள்ளைக்குச் சுரந்ததில் ரெண்டு சொட்டு. அம்மா முகம் அவனுக்குச் சரியாய் ஞாபகம் இல்லை, ஆனால் அந்தச் சூடு எங்கோ தெரிந்த சூடாக இருந்தது. அஞ்சு நாள். மூணாவது நாள் அவள் மறந்தபோது அவனே கேட்டான், "அக்கா, அது?" என்று. அதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கப்புறம் ஒரு வாரத்தில் தலையணையில் மஞ்சள். அக்கா அதைப் பார்த்தாள், தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டாள். அன்றிலிருந்து பாலாடை சமையலறையில் மேல் தட்டுக்குப் போய்விட்டது. குழந்தையை அவனும் தொடுவதில்லை, கிருமி, கிருமி என்று தள்ளியே வைத்துவிட்டான். அது அவனைப் பார்த்துக் கையை நீட்டும். நாலரை மாசக் குழந்தைக்கு அழகு அவலட்சணம் தெரியுமா, பஞ்சைப் பார்த்துச் சிரிக்கிறது. இப்போது என்ன செய்வது. சொல்லவில்லை என்றால் டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டியது தெரியாது, எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுப்பாள். சொன்னால், உருண்டை போனால், சாகும் வரைக்கும் அக்கா தன் தம்பி முகத்தைத் தானே பறித்தேன் என்று நினைப்பாள். ஐப்பசி பிறந்தால் தாராபுரத்துக்குப் புருசன் வீட்டுக்குப் போக வேண்டியவள். அங்கே போய் ஒவ்வொரு தடவை பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் நினைப்பாள். உருண்டை போனால் போகிறது. போச்சாது. அதுவா இப்போது முக்கியம். முக்கியம்தான். ரெண்டு சொட்டில் விஷம் இருந்தது என்று அவள் நம்பிவிட்டால், அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் ஊற்றினதெல்லாம் என்ன ஆவது, ஒன்பது வயசிலிருந்து ஊற்றினதெல்லாம்.

"முப்பத்தேழு, பூபதி." அதெப்படி, நடுவில் அஞ்சு பேர் என்ன ஆனார்கள். எழுந்தான். இடது முழங்கையில் அக்காவின் கை வந்து பிடித்துக்கொண்டது. உள்ளே டாக்டரம்மா பஞ்சை எடுத்தாள், விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள், நனைத்த துணியால் துடைத்தாள், மறுபடி பார்த்தாள். அவள் கையில் சோப்பு வாசனை. மேசையில் கண்ணாடிக்கு அடியில் சோதனைக் காகிதம், அதில் என்னென்னவோ இங்கிலீசு. "வலி எப்படி இருக்கு?" என்றாள். "டாக்டர், போன வாரம் நான் ஒண்ணு—" என்று பூபதி ஆரம்பித்தான். இருட்டுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நாந்தானுங்க. பாலு வுட்டது நாந்தான். எரியுதுன்னான், பொறுக்காம வுட்டுட்டேன். அவன வையாதீங்க." பூபதி கழுத்தைத் திருப்பினான், விளக்கு இடறியது. "மூணாவது நாளு நானே கேட்டனுங்க. அவளா வுடலே" என்றான். "நீ சும்மா இரு" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் சும்மா இருங்க, ஆட்டாதீங்க" என்றாள் டாக்டரம்மா. விளக்கைத் தள்ளி வைத்தாள். "எத்தன நாளு?" "அஞ்சு நாளுங்க. ரெண்டு ரெண்டு சொட்டு." "எரிச்சலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" "பின்னாடிதானுங்க. எரிஞ்சதுனாலதான்." டாக்டரம்மா பழைய 'விடவில்லை'யை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள். "எரிஞ்சது ஏன்னு யோசிச்சீங்களா? தையல் அப்பவே ஒரு ஓரத்துல விட்டுருக்கு. உருண்டை மேல சதை நிக்காமப் போறது சில பேருக்கு ஆவறதுதான். அதனால எரிஞ்சுது, எரிஞ்சதுனால நீங்க பால் விட்டீங்க. பால் நல்லது பண்ணிருக்காது, கிருமிக்குச் சோறு போட்ட மாதிரிதான். இனிமே யாருக்கும் வேண்டாம், இந்தக் கொழந்தைக்கும் வேண்டாம். ஆனா கதவ நீங்க தொறக்கல. அது ஏற்கெனவே தொறந்து கெடந்துச்சு." அக்காவின் வளையல் ஒருமுறை சத்தமிட்டு நின்றது. பூபதிக்கு அந்த நிமிஷத்தில் உருண்டையைப் பற்றிக் கேட்கவே தோன்றவில்லை. தொறந்து கெடந்துச்சு. தொறந்து கெடந்துச்சு. அந்த ரெண்டு வார்த்தையைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனால் தேவலை என்று இருந்தது. அப்புறம் டாக்டரம்மாவே சொன்னாள், முகத்தை அவனுக்கு வலது பக்கமாகக் கொண்டுவந்து, போன தடவை மாதிரியே. உருண்டையை எடுத்தாக வேண்டும். மருந்துக்கு அடங்கவில்லை. நாளைக்குக் காலையில். புண் சுத்தமாய் ஆறட்டும், நாலஞ்சு மாசம் போகட்டும், அவன் உடம்புச் சதையையே எடுத்து அந்த இடத்தை நிரப்பலாம், அதற்குமேல் சில்லு போடலாம், தள்ளிப்போகுதே தவிர இல்லாமப் போகல. "அடுத்த கண்ணு பத்திரமா இருக்கு. அதத்தான் நான் காப்பாத்தோணும்." பூபதி தலையாட்டினான். ஏழு கடலுக்கு அப்பால் வண்டு செத்தது. அரக்கன் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தான், மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்க, "கொழந்தையத் தூக்கலாமுங்களா?" என்று கேட்டான். "கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கட்டைத் தொடாமத் தூக்குங்க. யாரு வேண்டாம்னாங்க?" என்றாள் டாக்டரம்மா. யாருமில்லை, அவன்தான்.

வராந்தாவில் தொட்டியில் ரெண்டு தடவை கை கழுவினான், முழங்கை வரைக்கும், பட்டறையில் கிரீஸ் போகக் கழுவுகிற மாதிரி. அக்கா குழந்தையை நீட்டினாள். அவளை இப்போதுதான் நேராகப் பார்த்தான், எதிரில் நின்றதால். மூக்கு சிவந்திருந்தது, கன்னம் வற்றியிருந்தது, ரெண்டு மாசத்தில் இவ்வளவு இளைத்திருக்கிறாள், இடது பக்கம் உட்கார்ந்தே ஒளித்துவிட்டாள். குழந்தை கனத்தது. மூணு வாரத்தில் இவ்வளவு கனத்துவிட்டது, தலை வியர்த்து, அதே பால் வாசனையோடு, அவன் சட்டைப் பித்தானைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. எதிர் வரிசைப் பெரியவர் போய்விட்டிருந்தார். நாளைக்கு இந்நேரம் ஒரு குழி இருக்கும். இருக்கட்டும். ரபீக்கிடம் சொல்ல வேண்டும், அப்பாவிடம் சொல்ல வேண்டும், அப்பா எதைச் சொல்லாமல் எதைச் சொல்லுவாரோ. குழந்தையோடு நாற்காலியில் சாய்ந்தான். இடது பக்கம் அக்கா குனிந்து பையை எடுக்கிற சத்தம், துண்டை மடிக்கிற சத்தம், தண்ணீர்ப் பாட்டில் மூடி திருகுகிற சத்தம். எதையோ தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் பைக்குள்ளேயே கையை விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்:

"போலாமா கண்ணு?"

அவனும் திரும்பினான், மடியில் இருந்த குழந்தையும் திரும்பியது.